லுக் பதிவேடு

லிஃப்ட் பராமரிப்பு கம்பெனியின் புகார்ப் பிரிவில் அவளைப் பதிலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வருகிற புகாருக்கெல்லாம் பதில் எழுதுவது அவள் வேலை. பதினெட்டு வருஷமாக எழுதிய கை. வீட்டில் புருஷன் தண்ணீர் கேட்டால்கூட "தங்கள் கோரிக்கை கிடைத்தது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பாள் என்று ஆபீசில் கேலி உண்டு.

மூன்று மாதத்துக்கு முன் புது மேனேஜர் வந்தார். வந்த வாரமே எல்லோரையும் கூட்டி வைத்து ஒன்றரை மணி நேரம் பேசினார். நம் ஆங்கிலம் பாட்டன் காலத்து ஆங்கிலமாம். இங்கிலீஷ்காரர்கள் பெரிய வார்த்தைகளைத் தலைமுழுகி ரொம்ப நாளாச்சாம். ஒரு சாதாரண வினைச்சொல்லை எடுத்து, அதன் வாலில் இன்டு, ஓவர், ஆஃப்டர் என்று எதையாவது ஒட்டினால் போதும், அர்த்தம் மாறிவிடும், கஸ்டமரும் குளிர்ந்துபோவார் என்றார். பேசி முடித்துச் சுவரில் ஓர் அட்டையை மாட்டினார். நடுவில் லுக், அதைச் சுற்றி ஏழு வால்.

சுவரோடு நின்றிருந்தால் யாருக்கும் பாதகமில்லை. அட்டை பதிவேட்டுக்குள் இறங்கியது. புகார் வந்த முதல் நாள் லுக் அப், அதாவது பழைய பதிவில் தேடுவது. மறுநாள் லுக் ஓவர், மேலோட்டமாக ஒரு பார்வை. அதற்கடுத்த நாள் லுக் த்ரூ, பக்கம் பக்கமாகப் புரட்டுவது. பிறகு லுக் இன்டு என்று விசாரித்து, லுக் ஆஃப்டர் என்று கவனித்துக்கொண்டு, லுக் ஃபார்வர்ட் என்று கஸ்டமரின் ஒத்துழைப்பை ஆவலோடு எதிர்பார்த்து, ஏழாம் நாள் லுக் பேக் என்று நடந்ததைத் திரும்பிப் பார்த்துப் புகாரை மூடிவிட வேண்டும். கட்டத்துக்கு ஒரு கடிதம், கடிதத்துக்கு ஒரு டிக்.

பதிலக்காவுக்கு இது வெல்லம் தின்ற மாதிரி இருந்தது. நாலே நாளில் ஏழு வாலையும் கரைத்துக் குடித்துவிட்டாள். பழைய வழக்கப்படி பதிவேட்டின் கடைசியில் "மெக்கானிக் போனார்" என்று, கிழித்தெடுக்கும் சீட்டோடு, எட்டாவதாக ஒரு கட்டம் கிடந்தது. அதில் லுக் இல்லை, பக்கத்தின் அழகே கெடுகிறது என்று கண்டுபிடித்துச் சொன்னவளும் அவள்தான். மேனேஜர் கைதட்டினார். கட்டம் போயிற்று. அந்த மாதத்தின் சிறந்த யோசனைக்கான கோப்பை அவள் மேஜைக்கு வந்தது. அதில் பேனா போட்டு வைத்துக்கொண்டாள்.

அப்படியிருக்க, அவள் குடியிருந்த கட்டிடத்திலேயே லிஃப்ட் நின்றது. வீடு ஐந்தாவது மாடி. புருஷன் தையல்காரர், முழங்காலில் ஆபரேஷன் முடிந்து கட்டிலில் கிடந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குள் கூட்டிவந்து காலை மடக்கிப் பழக்காவிட்டால் மூட்டு இறுகிவிடும் என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். மடங்காத காலால் மிஷின் மிதிக்க முடியாது. மிதிக்க முடியாத தையல்காரரை யார் தேடி வருவார்கள்?

ஆபீஸ் ஆள் என்று சலுகை கேட்க அவளுக்குப் பிடிக்கவில்லை. புருஷன் பெயரில் முறைப்படி புகார் கொடுத்தாள். அது அவள் மேஜைக்கே வந்தது. வழக்கம்போல லுக் அப் எழுதினாள்.

ஆபீசில் அவள் அனுப்புகிற கடிதம் வீட்டில் அவர் போனுக்கு வரும். சாயங்காலம் அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மனைவியின் பெயர் போட்ட கடிதத்தை மனைவிக்கே எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டுவார். நாலாம் நாள் படித்துவிட்டு யோசித்தார்.

"தினமும் பாக்கறாங்கன்னு வருது. சந்தோஷம். யாரு பாக்கறாங்க?"

பதிலக்கா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை ஏழாம் கடிதம். தன் வீட்டு லிஃப்ட் புகாரைத் தன் கையாலேயே மூடி டிக் போட்டாள். போட்ட பேனாவைக் கோப்பையில் வைக்கப் போனபோதுதான், லிஃப்ட் இன்னும் ஓடவில்லை, விடிந்தால் வெள்ளிக்கிழமை என்பது உறைத்தது. நேரே கீழ்த்தளத்துக்கு இறங்கினாள். மெக்கானிக் அறையில் இரண்டு பேர் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். சுவரில் ஸ்பேனர்கள் எண்ணெய் போட்டு வரிசையாகத் தொங்கின.

என் வீட்டுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டாள். மூத்த மெக்கானிக் பயந்து எழுந்து நின்றார்.

"சீட்டே வரலையேக்கா. பதிவேட்டுல அந்தக் கடைசிக் கட்டத்துலேருந்துதானே கிழிச்சு அனுப்புவீங்க. மூணு மாசமா ஒண்ணும் வரல. எல்லா லிஃப்டும் நல்லா ஓடுதாக்கும்னு நெனச்சோம்."

அவள் கையில் கிடைத்த தாளில் முகவரியை எழுதிக் கொடுத்தாள். மெக்கானிக் அன்று மாலையே வந்தார். மூன்றாம் மாடியில் கதவு ஓடும் பள்ளத்தில் ஒரு பாட்டில் மூடி சிக்கியிருந்தது. எடுத்து எறியக் கால் மணி நேரம் ஆயிற்று.

மறுநாள் காலை ஊன்றுகோலோடு லிஃப்டில் இறங்கும்போது புருஷன் மெதுவாகக் கேட்டார்.

"நம்ம வீட்டுக்கு நீ இருந்தே. மத்த வீட்டுக்கெல்லாம் யாரு இருக்கா?"

அவளுக்கு வெட்கமாக இருந்தது. கீழே வந்து சேரும்வரை தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கால் மடங்கியது. அவர் போட்ட சத்தத்தில் ஆஸ்பத்திரி வாசல்வரை திரும்பிப் பார்த்தது, ஆனாலும் மடங்கியது. அவரை வீட்டில் விட்டுவிட்டு மத்தியானம் ஆபீஸ் போனாள். பதிவேட்டை எடுத்து ஒவ்வொரு பக்கத்திலும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எட்டாவது கட்டத்தைச் சேர்த்தாள். மூடிய புகார் இருநூற்றுப் பதினொன்று. மேனேஜர் ஓடி வந்தார். நூற்றுக்கு நூறு மூடிய பிரிவு என்று தலைமை அலுவலகத்தில் பாராட்டு விழாவே வைத்திருக்கிறார்கள், மூடியதைத் திறந்தால் என் முகத்தை எங்கே வைப்பது என்று கெஞ்சினார். அவள் பேனாக்களை மேஜையில் கொட்டிவிட்டுக் கோப்பையை அவர் கையில் கொடுத்தாள். பிறகு பட்டியலில் முதல் எண்ணுக்குப் போன் போட்டாள்.

எடுத்தவருக்கு நடுத்தர வயதுக் குரல். கம்பெனி பெயரைச் சொன்னதும் மரியாதையாகப் பேசினார்.

"ஏழு லெட்டரும் வந்துச்சும்மா. ரொம்ப அருமையான இங்கிலீஷ். அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். அவங்க எட்டாவது மாடிய விட்டுக் கீழ எறங்கித்தான் மூணு மாசம் ஆச்சு. சரி, கம்பெனியே சொல்லிட்டீங்க, முடிஞ்சதுன்னு விட்டுட்டோம்."

பார்த்துக்கொள்கிறோம் என்பது பதிலக்காவின் வாய்வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, கதவு எண் என்ன, நாளை காலை எத்தனை மணிக்கு வீட்டில் இருப்பீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டாள்.