வாழைக்கறை

ஆனந்தபாயின் மணிக்கட்டை ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள் மருமகள் சுமி. சவப்பெட்டியில் வைக்குமுன் வெள்ளைக் கையுறை போட வேண்டும்.

"மாமா, அத்தைக்க கையில இந்தக் கறை போவமாட்டேங்கு. வாழைக்கறைபோல உண்டு."

ஈசாக் எழுந்து வந்தார். வெண்புள்ளி படர்ந்து வெளுத்த மனைவியின் தோலில், ரோமக்கால்களைச் சுற்றிக் கடுகளவில் பழுப்புப் பொட்டுகள். சில ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன.

"தேய்க்காத மக்கா. அது அவளுக்க நெறமாக்கும். திரும்ப வந்துட்டிருந்தது."

ஓணத்துக்கு முன்பு ஒருநாள் அவள் அடுக்களையிலிருந்து ஓடிவந்து இதே கையை நீட்டினாள். அவர் ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமல், "வாழைக்கறை. தேச்சுக் கழுவு" என்றார். அவள் ரவிக்கைக் கையை இழுத்துவிட்டுப் போய்விட்டாள். பிறகு காட்டவேயில்லை. மருந்தைப் பூசிக்கொண்டு காலை வெயிலில் கிணற்றடியில் தனியே உட்கார்ந்திருப்பாள். நேற்று அங்கேயேதான் சாய்ந்து கிடந்தாள்.

போன மாதம் நெய்யாற்றின்கரையில் டாக்டர் அந்தப் பொட்டுகளைக் காட்டி, நிறம் இப்படித்தான் வரும் என்று சொன்னபோது ஈசாக்கும் பக்கத்தில் இருந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெள்ளறடைச் சந்தையின் ரப்பர் விலை பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்.

நாலுபேர் என்ன நினைப்பார்கள் என்று பயந்தே வயதானவர் அவர். வெண்புள்ளி கைக்கு இறங்கியதும், கோயிலில் அப்பமும் திராட்சரசமும் வாங்கும் திருவிருந்துக்குக் கடைசிப் பந்தியில் போனால் போதும் என்று அவளிடம் சொன்னதும் அவர்தான். எல்லோர் முன்னாலும் கை நீட்ட வேண்டாமே என்று. அவளும் அப்படியே கடைசியாகப் போய் முழந்தாளிட்டாள், ஒன்பது வருடம்.

சுமி கையுறையைப் பிரித்தாள்.

"அது வேண்டாம்."

"சபைக்காரங்க எல்லாம் பாப்பாவளே, மாமா."

"பாக்கட்டும்."

பெட்டியை முற்றத்தில் வைத்தார்கள். நெஞ்சின்மேல் கோத்திருந்த வெறும் கைகளைப் பார்த்துச் சிலர் தயங்கினார்கள். ஈசாக் தலைமாட்டை விட்டு நகரவில்லை. வெயில் ஏறியபோது பந்தலின் தார்ப்பாய் விலகிய இடம் வழியாக அவள் மணிக்கட்டில் வெளிச்சம் விழுந்தது. மகன் ஜிஜோ பாயை இழுத்துக் கட்டப் போனான்.

"கெடக்கட்டுலே," என்றார் ஈசாக். "காலை வெயிலு அவளுக்கு நல்லதாக்கும்."

ஜிஜோ கயிற்றைப் பிடித்தபடி நின்றான்.