அவள் சொல்லாதது

ஐந்தரைக்கு அலாரம். பால் காய்ச்சினேன். முகம் மழித்தேன். சட்டைக்கு மட்டும் இஸ்திரி போட்டேன். பேண்ட் நேற்றுப் போட்டதே. டப்பாவில் பிரெட்டும் அவித்த முட்டையும். ஏழு பத்துக்கு பஸ்.

நான் கெமிஸ்ட்ரி வாத்தியார். என் மனைவி அதே பள்ளியில் டான்ஸ் டீச்சர். அவள் இறந்து நாலு மாதம் ஆகிறது. புது டீச்சர் வரும்வரை அவளுடைய மூன்றாவது பீரியடை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். பெரிய வேலை இல்லை. அவள் சொல்லிக்கொடுத்ததைப் பிள்ளைகள் ஆடுவார்கள். நான் பாட்டைப் போட்டு நிறுத்த வேண்டும்.

இன்று ஒத்திகை. இன்னும் பதினோரு நாளில் மச்சினிக்குக் கல்யாணம். அதில் இந்த எட்டுப் பேரும் ஆட வேண்டும் என்பது மாமியாரின் ஆசை.

"சார், நீங்களும் ஆடுங்க சார்," என்றாள் முன்வரிசை வாயாடி.

"நான் ஆடினா கெமிஸ்ட்ரில எல்லாரும் ஃபெயில்."

"மிஸ் சொல்லிருக்காங்க சார். உங்களுக்குத் தாளம் ஒரு காதுல நுழைஞ்சு வழி கேட்டுட்டு வெளிய போயிடுமாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன்.

பாதி ஆட்டத்தில் மச்சினி வந்தாள். டீச்சர்களுக்குக் கொடுக்கப் பத்திரிகைக் கட்டு கையில். கண்ணாடிச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். ஆட்டத்தைப் பார்க்கவில்லை. பிள்ளைகள் தண்ணீர் குடிக்கப் போனதும் கேட்டாள்.

"மாமா, கல்யாணம் நிக்கக்கூடாதுன்னு அக்கா நிஜமாவே சொன்னாளா?"

அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமியார் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, 'கடைசியா என்னடா சொன்னா எம் பொண்ணு?' என்று கேட்டார். வாயில் வந்ததைச் சொன்னேன். அது வீட்டில் சட்டமாகிவிட்டது.

"ஏன் கேக்கற?"

"எனக்கு இந்த மாப்பிள்ளை வேண்டாம். அக்காவுக்குத் தெரியும். அம்மாகிட்ட நான் பேசறேன், நீ வாயத் திறக்காதன்னு சொன்னதே அவதான். அவ எப்படி மாமா அப்படிச் சொல்லிருப்பா?"

எனக்கு இது தெரியாது. என்னிடம் அவள் சொன்னதில்லை.

"சொல்லல," என்றேன்.

அவள் பத்திரிகைக் கட்டைத் தரையில் வைத்தாள்.

"உயிர் போகும்போது நான் பக்கத்துல இல்ல. கீழ கேன்டீன்ல சாப்பிட்டுட்டு இருந்தேன். அத எப்படி உங்கம்மாகிட்டச் சொல்றது?"

"அதுக்கு என்னயப் பிடிச்சுக் குடுத்துட்டீங்க."

"ஆமா."

"இப்பச் சொல்லுவீங்களா, அம்மாகிட்ட?"

"இன்னைக்கே வரேன். ஸ்கூல் விட்டதும்."

"காறித் துப்பும்."

"துப்பட்டும்."

பிள்ளைகள் திரும்பி வரும் சத்தம் கேட்டது. அவள் எழுந்திருக்கவில்லை.

"அப்ப அக்கா என்னதான் மாமா சொன்னா?"

சொன்னேன்.

"சீக்கிரம் போய்ச் சாப்பிடுங்க. நேத்து மாதிரி ஆறிப்போனதத் தின்னுட்டு, வயித்த வலிக்குதுன்னு எங்கிட்ட வந்து நிக்காதீங்க."