இறங்காத ஷட்டர்

தடதடவென்று இறங்கிய ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டு மருந்துக்கடைக்காரர் தலையில் துருவைக் கொட்டியது. பல வருஷமாக இறங்காத ஷட்டர். பகலில் அவர், இரவில் மைத்துனர் என்று மாறி மாறி உட்கார்ந்ததில் அதற்கு வேலையே இல்லாமல் போயிருந்தது.

"என்னண்ணே, ஞாயித்துக்கிழமைன்னு நோயெல்லாம் லீவுல போயிடுச்சா?" எதிர்ப்பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்த பக்கத்துக்கடைத் தையல்காரர் கேட்டார்.

இவர் மனதுக்குள் ஒரு முள். தெருவே 'காமிக்ஸ்' என்று கூப்பிடும் அந்தப் பெண், பெயின்ட் டப்பாவும் அட்டை கிழிந்த படக்கதைப் புத்தகங்களுமாக வந்து, வரிசையிலிருந்த எல்லாரிடமும் ஷட்டரைக் கேட்டு வாங்கினாள். ஷட்டருக்கு ஒரு கட்டம். கடைகள் சாத்தியதும் தெரு நீளத்துக்கு ஒரு கதை. இவரிடம் மட்டும் கேட்கவே இல்லை. "நம்ம கடை மட்டும் பல்லு போன இடம் மாதிரி இருக்கு," என்று வீட்டில் மனைவியின் குத்தல் வேறு.

தம் பிடித்து இழுத்தார். ஷட்டர் தரையில் மோதியது.

தூரத்தில் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தவள் ஓடிவந்தாள்.

"நானே மூடிட்டேன்மா. எங்க கட்டத்தையும் வரைஞ்சுடு."

"ஐயோ, தூக்குங்கண்ணா!"

"அப்போ என் கடை மட்டும் வேண்டாமா உனக்கு?"

அவள் கைகொடுத்து ஷட்டரை மேலே தள்ளினாள். அவரைத் தையல்காரர் நின்ற இடத்துக்கு இழுத்துப்போய்த் திருப்பி நிறுத்தினாள்.

இத்தனை நாளும் தன் படியிலிருந்து ஓரக்கண்ணால் பார்த்த படங்கள். இப்போதுதான் நேருக்கு நேர். முகமூடி போட்ட ஒருத்தி, மார்போடு அணைத்த குழந்தையுடன் கூரை கூரையாகத் தாவி வருகிறாள். புயல், மழை, கிழிந்த அங்கி. தையல்கடை ஷட்டரில் கடைசித் தாவல். குழந்தையின் கண்கள் செருகியிருந்தன. அவள் வலது கன்னத்தில் வெள்ளை வெளிச்சம். அந்தப் பக்கம் செருப்புக்கடை ஷட்டரில் அதே குழந்தை அவள் தோளில் உட்கார்ந்து சிரிக்கிறது. அங்கே வெளிச்சம் இடது கன்னத்தில்.

எந்தக் கட்டத்திலும் விளக்கு வரையப்பட்டிருக்கவில்லை.

விளக்கு நடுவில் எரிந்துகொண்டிருந்தது. அவருடைய டியூப்லைட். அதன் கீழே கண்ணாடி மேஜை, வரிசை வரிசையாக மருந்துப் பெட்டிகள், காலியாக அவர் நாற்காலி. முகமூடிக்காரியின் கண்கள் அந்த நாற்காலியின் உயரத்திலேயே குத்திட்டு நின்றன. தையல்காரர் டீயை மறந்து நின்றார்.

"போய் உட்காருங்கண்ணா," என்றாள் அவள். "நீங்க இங்க நின்னா அந்தக் குழந்தைக்கு எப்படிக் காய்ச்சல் இறங்கும்?"