மீன் பதிந்த கல்

பொய்ப்பல் செய்யும் கூடத்தில் வேலை பார்த்த மூத்தவளுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் கைவிடப்பட்ட கல்குவாரிதான். பதினைந்து வருடமாக அங்கே குனிந்து குனிந்து புதைபடிவங்களைப் பொறுக்கினாள். கூடத்தில் கழித்துப்போட்ட டிரில்லால் மண்ணை நீக்கி, கல்லாகிப்போன சிப்பிகளையும் நத்தைகளையும் பீரோ கொள்ளாமல் அடுக்கிவைத்திருந்தாள். படிப்பு, பாட்டு, கல்யாணம் என்று எதற்கெடுத்தாலும், "உன் தங்கச்சியப் பாரு" என்று சொல்லியே அவளை வளர்த்தார்கள். கல் விஷயத்தில் மட்டும்தான் அந்தப் பேச்சு கிடையாது.

அங்கேயும் ஒருநாள் தங்கை தொற்றிக்கொண்டு வந்தாள். வந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. செருப்பு மண்ணைத் தட்ட உட்கார்ந்தவள், பக்கத்தில் கிடந்த பலகைக்கல்லைப் புரட்டினாள்.

"அக்கா, இதுல மீன் முள்ளு மாதிரி இருக்கு, பாரேன்."

தலையிலிருந்து வால்வரை முழு மீன். பதினைந்து வருடத்தில் மூத்தவளுக்கு இப்படி ஒன்று அகப்பட்டதில்லை.

"அது ஒண்ணுமில்லடி, வெறும் கோடு."

"அப்படியா? சரி, நீயே வெச்சுக்கோ."

மூன்று வாரம் உட்கார்ந்து செதில் செதிலாகச் சுத்தம் செய்தாள். சேகரிப்பைப் பார்க்க வந்த அருங்காட்சியக அதிகாரி மீனை விட்டு நகரவில்லை.

"இத யாரும்மா கண்டெடுத்தது?"

"நான்தான் சார்."

அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள் மீன், அதன் கீழே அவள் பெயர். கண்காட்சித் திறப்பு நாளில் அம்மா வாய்விட்டுப் புகழ்ந்தாள். தங்கையோ போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "எங்க அக்கா" என்று காட்டிக்கொண்டிருந்தாள். மூத்தவளால் தாங்க முடியவில்லை. அவளைத் தனியே இழுத்துப்போனாள்.

"அது நீ எடுத்த கல்லுடி."

"தெரியும்க்கா. அன்னைக்கே உன் மூஞ்சி போன போக்கப் பார்த்தேனே. எனக்கெதுக்கு அது? உனக்குத்தான் உசுரு. அதான் பேசாம விட்டுட்டேன்."

திருடியதுகூடப் பரவாயில்லை என்றிருந்தது அவளுக்கு. இவள் பார்த்துப் போட்ட பிச்சையா இது? நல்ல மனசிலும் இவளே முந்திக்கொண்டாளே!

மறுநாள் காலையிலேயே அதிகாரியிடம் போய் உண்மையைச் சொல்லி, தங்கை பெயரை எழுதவைத்தாள். 'எவ்வளவு பெரிய மனசு' என்று வீடே மெச்சியது. மனசாவது மண்ணாவது, அவளிடம் கடன்பட்டிருக்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அதை மூத்தவள் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு தங்கை போன் செய்தாள். "நானும் வரட்டுமாக்கா?"

"வேணாம், வெயில் ஜாஸ்தி" என்று வைத்துவிட்டு, குவாரிக்குக் கிளம்பினாள்.