இடப்பக்கம் மட்டும் திரும்பும் நாய்

"வலப்பக்கம் திரும்பவே திரும்பாதா?"

"திரும்பாது."

"அப்ப எவால்ட் வீட்டுக்குப் போகணும்னா? அங்க பாதை வலப்பக்கந்தானே பிரியுது."

"மூணு தடவை இடப்பக்கம் திரும்பிக்கோ. சுத்தி வந்து அங்கதான் நிப்ப."

"எனக்கு எழுபத்தி நாலு வயசுடி மாரித். இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லியிருந்தா வாங்கியிருப்பியா?"

குன்வோர் வாங்கியிருக்க மாட்டாள். முதல் பனி விழுந்த அன்று, மாரித்தின் வேனுக்கும் குன்வோரின் வேலிக்கும் நடுவில் இந்தப் பேச்சு நடந்தது. இருவரும் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். துஸ்ஸா அவர்களுக்கு நடுவில், யாரோ அளந்து வைத்ததைப்போல் நான்கு காலையும் ஊன்றி நின்றுகொண்டிருந்தது. அது சமோயட் இனத்து வெள்ளை நாய். ஸ்வீடன், நார்வே, பின்லாந்து மூன்றிலும் பட்டம் வாங்கியது. மூன்று ஈற்றுக் குட்டிகளின் தாய். நாய்க்காட்சியின் வட்டத்தில் நாயை எப்போதும் இடக்கைப் பக்கம் பிடித்து, நடுவில் நிற்கும் நடுவர் பார்க்கும்படி இடம் சுற்றித்தான் ஓட்டுவார்கள். குட்டியாக இருந்தபோதிலிருந்து ஒன்பது வயது தாண்டும்வரை அப்படியே ஓடிய உடம்புக்கு, வலப்பக்கம் என்று ஒன்று இருப்பதே தெரியாமல் போயிருந்தது.

எங்கள் ஏரிக்கரையில் இது யாருக்கும் புதிதில்லை. காட்சி நாய்களை வளர்க்கும் மாரித்தின் கொட்டகையில் புதுக் குட்டிகளுக்கு இடம் வேண்டியிருக்கும்போதெல்லாம் ஓய்வுபெற்ற சாம்பியன் ஒன்று ஏதாவது ஒரு வீட்டுக்கு வந்து சேரும். அவற்றுக்குப் படிக்கட்டு ஏறத் தெரியாது, சேற்றில் கால் வைக்கத் தெரியாது, குரைப்பதற்கு யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டுமோ என்று யோசிக்கும். யாராவது குனிந்தால் பல்லைக் காட்டும். கடிப்பதற்கல்ல, நடுவர் எண்ணிப் பார்க்கட்டும் என்று. போதகர் கல்லறைத் தோட்டத்தில் ஆசீர்வாதத்துக்குக் கையை நீட்டினால், துக்கத்துக்கு வந்தவர்களோடு வந்த நாய்களெல்லாம் அதை நடுவரின் சைகை என்று எண்ணி நிமிர்ந்து நிற்கும். கையை இறக்கினால் தேவாலயத்தைச் சுற்றி ஓடத் தொடங்கும். மாரித்துக்கும் நாயை எடுப்பவர்களுக்கும் இடையே ஒரே ஒரு பேச்சுதான். எட்டு வயதுக்குக் கீழே இருந்தால் நாய் மாரித்துடையது, அதைத் தாண்டினால் வீட்டுக்காரருடையது. இதைக் கைகுலுக்கி முடித்துக்கொள்வார்கள். வயது ஏறத்தான் செய்யும் என்று இரண்டு பக்கமும் நம்பியதால் வேறெதுவும் பேசத் தோன்றவில்லை.

சாலை வலப்பக்கம் வளைவதால் துஸ்ஸாவை வேறெங்கும் கூட்டிப்போக முடியவில்லை. குன்வோர் அதைத் தன் வீட்டைச் சுற்றியே நடத்தினாள். காலையில் ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று, எப்போதும் இடம் சுற்றி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில். பனி கழுத்தளவு ஏறியபோது வீட்டைச் சுற்றி ஒரு பள்ளம் வெட்டி அதற்குள் நடந்தார்கள். சாலையிலிருந்து பார்த்தால் பனிக்கு மேல் ஒரு சிவப்புத் தொப்பி மட்டும் போய்க்கொண்டிருக்கும். முதல் வாரத்திலேயே ரொட்டிப் பெட்டியில் இருந்த ஏலக்காய் ரொட்டி திரும்ப மாவானது. இரண்டாவது வாரத்தில் காய்ந்த மாவு ஈரமாகி, மறுநாள் ஈஸ்டும் பாலும் தனித்தனியாகப் பிரிந்து நின்றன. குன்வோர் பாலைக் காபியில் ஊற்றிக்கொண்டாள். எப்போதோ உடைந்து குப்பைக்குப் போன கோப்பை மறுபடி அலமாரியில் இருந்தது. முழங்கால் வலி போயிற்று. ஜன்னலோரம் வெளுத்த சுவர்க்காகிதத்தில் நீலப்பூக்கள் தெரிய ஆரம்பித்தன.

விஷயம் ஊரில் பரவ அதிக நாள் ஆகவில்லை. மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டு எவால்ட், தன் டிராக்டர் பேட்டரியைக் கொண்டுவந்து அவள் கூடத்தில் வைத்துவிட்டு, ஒரு வாரம் கழித்துப் புதியதாக எடுத்துப்போனான். பிறகு ஆளாளுக்கு வந்தார்கள். கிழிந்த பூட்ஸ், மழுங்கிய ரம்பம், மங்கிப்போன கல்யாணப் புகைப்படம் எல்லாம் வந்தன. பேராசையில் கெட்டவர்களும் உண்டு. எவால்ட் ஆறு வருடமாகப் பரணில் வைத்திருந்த சாராயத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு மறந்துவிட்டான். திரும்பி வந்தபோது பீப்பாய்க்குள், காய்ச்சுவதற்கு முந்தைய உருளைக்கிழங்கு இருந்தது.

"நல்லா வேகவெச்சு ஹெர்ரிங் மீனோட சாப்பிடு," என்றாள் குன்வோர்.

"ஆறு வருஷம் காத்திருந்தேன், குன்வோர்."

"இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா செடியாவே கெடச்சிருக்கும்."

குன்வோருக்குப் பேட்டரியிலும் பூட்ஸிலும் அக்கறை இல்லை. அவள் ஒரே ஒரு விஷயத்துக்காகத்தான் நடந்தாள். துஸ்ஸா வருவதற்கு இரண்டு குளிர்காலம் முன்பு அவள் கணவன் ஹில்டிங் சமையலறைச் சோபாவில் படுத்திருந்தான். அவள் முதுகைக் காட்டியபடி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். "குன்வோர், கொஞ்சம்..." என்றான். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு அவள் திரும்புவதற்குள் இறந்துபோயிருந்தான். அவள் தண்ணீர் கொண்டுபோய் வைத்தாள். அவன் கேட்டது தண்ணீர்தானா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஐம்பது வருடம் கூட இருந்த மனிதன் கடைசியாக என்ன கேட்டான் என்பது தெரியாமல் எப்படிச் சாவது என்று அவள் எவால்ட்டிடம் ஒருமுறை கேட்டிருக்கிறாள். காபி ஆறிப்போகிறது என்று மட்டும் அவன் சொன்னான்.

மார்ச்சில் ஹில்டிங்கின் தொப்பி ஆணியில் தொங்கியது. ஏப்ரலில் அவன் புகையிலை வாசனை வந்தது. ஏரியில் பனிக்கட்டி உடைந்த வாரத்தில் சோபாவின் நடுவில் ஒரு பள்ளம் விழுந்தது. உட்கார்ந்து பார்த்தால் சூடாக இருந்தது. அதன் பிறகு இருமல் வந்தது, ஆளில்லாமல். இருமல் காலையில் அதிகமாகவும் மதியம் குறைவாகவும் இருந்ததால் அது ஹில்டிங்குடையதுதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஜூன் மாதத்தில் ஒருநாள், மாலைச் சுற்றை முடித்து அவள் கதவைத் திறந்தபோது, சோபாவிலிருந்து குரல் வந்தது. "குன்வோர், கொஞ்சம்..." என்றது. அவ்வளவுதான். இன்னும் ஒரு சுற்று போனால் குரலுக்குரிய ஆளும் வந்துவிடுவான், கேட்டால் பதில் சொல்வான் என்று ஊரே கணக்குப் போட்டது. அவன் உப்பு கேட்டான், இல்லை ஜன்னலைத் திறக்கச் சொன்னான், இல்லை மன்னிப்பு கேட்டான் என்று கடைவாசலில் கட்சி கட்டினார்கள்.

துஸ்ஸாவுக்கும் வயது இறங்கிக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. குளிர்காலம் முழுக்க அது பாடுபட்டுச் சில விஷயங்களைக் கற்றிருந்தது. சோபாவில் ஏறி, நான்கு காலையும் மேலே தூக்கி, வயிற்றைக் காட்டிப் படுக்கக் கற்றிருந்தது. மேசையிலிருந்து மீன் திருடவும், தபால்காரரைப் பார்த்துக் குரைக்கவும், சேற்றில் புரளவும் கற்றிருந்தது. இப்போது ஒவ்வொன்றாக உதிர்ந்தது. முதலில் சேறு போயிற்று, பிறகு குரைப்பு. குரல் வந்த அன்று துஸ்ஸா சோபாவைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, கதவருகே நான்கு காலையும் ஊன்றி, யாரோ வந்து அளப்பதற்காக நின்றது. அதன் வெள்ளை ரோமம் மணப்பெண்ணின் உடைபோல் அடர்ந்திருந்தது. மறுநாள் காலை அக்கம்பக்கத்து ஆண் நாய்களெல்லாம் குன்வோரின் வேலியருகே உட்கார்ந்திருந்தன.

அவற்றுக்குப் பின்னால் மாரித்தின் வேன் வந்தது. அவள் கையில் நாய்க்காட்சியில் பிடிக்கும் கயிறு இருந்தது.

"இதுக்கு இன்னிக்கி சரியா எட்டு வயசு," என்றாள். "இதோட எட்டாவது பொறந்தநாளுக்குக் கேக் வெட்டிக்கிட்டு இருக்கும்போதுதான் ஹில்டிங்குக்காகக் கோயில் மணி அடிச்சது. நல்லா ஞாபகம் இருக்கு. இன்னும் ஒரு சுத்து போனா எட்டுக்குக் கீழ. அப்ப அது என் நாய்."

"ஒன்பது வயசு தாண்டுன நாயத்தானேடி குடுத்த."

"நான் குடுத்தது ஒன்பது. இப்ப இருக்கறது எட்டு. நார்வேல ஒரு நல்ல ஆண் நாய் பாத்து வெச்சிருக்கேன். இன்னும் ஒரு ஈத்து போடட்டும். பேசுன பேச்சு பேச்சுதான், குன்வோர்."

"மறுபடியும் கொட்டகைக்கா?"

"அதுக்கென்ன. வந்த எடந்தானே."

மாரித் பொல்லாதவள் அல்ல. அவள் வேலிக்கு வெளியிலேயே நின்றாள். ஒரு சுற்று முடியும்வரை உள்ளே வர தனக்கு உரிமையில்லை என்று அவளுக்குத் தெரியும். குன்வோர் திறந்த ஜன்னல் வழியே சோபாவைப் பார்த்தாள். அங்கே பள்ளம் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. பிறகு நாயைப் பார்த்தாள். காலைச் சுற்றுக்கு நேரமாகிவிட்டிருந்தது, துஸ்ஸாவுக்கு மூத்திரம் முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் யாரும் கையை இறக்காததால் அசையாமல் நின்றது. நிற்காமல் இருக்க முடியாது, நடக்காமலும் இருக்க முடியாது, வலப்பக்கமும் திரும்பாது. ஊரில் பாதிப் பேர் வேலியோரம் கூடிவிட்டார்கள்.

"டிராக்டரா இருந்தா ரிவர்ஸ் போட்டுருவேன்," என்றான் எவால்ட், யாரிடமும் இல்லாமல்.

குன்வோர் அவனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், வேகவைத்த ஈரலைப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். துஸ்ஸாவின் மூக்கின்மேல் ஈரல் துண்டைப் பிடித்து மெல்லத் தள்ளினாள். நாய் ஒரு காலைப் பின்னால் வைத்தது. அடுத்த காலையும் வைத்தது. வீடு அதற்கு எப்போதும்போல இடப்பக்கமே இருந்ததால் அதற்கு எந்த மறுப்பும் இல்லை. கிழவியும் நாயும் பின்னோக்கி நடந்து, ரோஜாப் புதரில் இரண்டு முறை மோதி, விறகுக் கொட்டகையைக் கடந்து, வீட்டைத் தலைகீழாகச் சுற்றி வந்தார்கள். ஜன்னலைக் கடக்கும்போது உள்ளே இருமல் சற்றுக் குறைவது கேட்டது. குன்வோரின் முழங்கால் வலிக்கத் தொடங்கியது. அவள் அழுதாளா என்று தெரியவில்லை. முகம் எங்களுக்கு எதிர்ப்பக்கம் இருந்தது. சுற்று முடிந்ததும் துஸ்ஸா கூட்டத்தில் நின்ற தபால்காரரைப் பார்த்து ஒரு முறை குரைத்தது, தயக்கத்தோடு. மாரித் கயிற்றைச் சுருட்டி வேனுக்குள் போட்டாள்.

"பிடிவாதக்காரி," என்றாள்.

"காபி குடிச்சுட்டுப் போ," என்றாள் குன்வோர்.

அதற்குப் பிறகு பதினோரு வருடம் ஆகிவிட்டது. காலையில் முன்னோக்கி ஒரு சுற்று, மாலையில் பின்னோக்கி ஒரு சுற்று என்று இன்றும் போய்க்கொண்டிருக்கிறது. துஸ்ஸாவுக்கு எட்டு வயதும் சில மணி நேரமும் ஆகிறது, குன்வோருக்கு எத்தனை என்று ஓய்வூதிய அலுவலகம் கேட்பதை நிறுத்திவிட்டது. மாரித் ஒவ்வொரு ஜூனிலும் வந்து நாயின் பல்லைப் பார்த்துவிட்டு, காபி குடித்துவிட்டுப் போகிறாள். போதகர் இதைப் பற்றிப் பிரசங்கம் செய்யவில்லை. புதிதாகக் குடிவந்தவர்களுக்கு மட்டும், மாலையில் அந்த வீட்டுப் பக்கம் போனால் பின்னோக்கி நடந்து வரும் கிழவிக்கு வழிவிடும்படி சொல்லிவைக்கிறோம்.

காலைச் சுற்று முடிந்ததும் குன்வோர் பாத்திரம் கழுவ நிற்பாள், இப்போதெல்லாம் சோபாவைப் பார்த்தபடி. துஸ்ஸா ஓடிவந்து, அந்தச் சூடான பள்ளத்தில் ஏறி, நான்கு காலையும் மேலே தூக்கி, வயிற்றைக் காட்டிப் படுத்துக்கொள்ளும். எவால்ட் எதிரே காபியோடு உட்கார்ந்திருப்பான். நாய்க்கு அடியிலிருந்து ஒரு இருமல் வரும்.

"நாயைத் தள்ளிப் படுக்கச் சொல்றான், வேற என்ன," என்பான் எவால்ட்.

"சும்மா இரு, சொல்லி முடிக்கட்டும்," என்பாள் குன்வோர், ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே.

"குன்வோர்," என்று ஹில்டிங்கின் குரல் கேட்கும், "கொஞ்சம்..."