நூல் கட்டிய கதிர்

பம்பாய் செம்பூர் காலனியில் தனசீலனை எல்லாரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். யாராவது பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கதவைத் தட்டினால் மட்டும், "நான் அந்த டாக்டர் இல்லை, செடி டாக்டர்" என்று திருப்பி அனுப்புவார். உண்மையில் செடிகளுக்கும் அவர் வைத்தியம் பார்த்ததில்லை. ஆரோக்கியமாக இருக்கிற நெல் விதைகளின்மேல் காமாக் கதிரைப் பாய்ச்சி, ஆயிரத்தில் ஒன்றாவது புத்தி மாறி முளைக்கிறதா என்று பார்க்கத்தான் அரசாங்கம் அவருக்குச் சம்பளம் கொடுத்தது. பெரும்பாலான விதைகள் செத்துப்போகும். பிழைத்தவை வெளிறிப்போய், சோகை பிடித்த நாற்றாக வரும். இதற்கு அவர் வைத்திருந்த பெயர் முன்னேற்றம்.

"கடவுள் ஆறே நாளில் அவசர அவசரமாகச் செய்துவிட்டுப் போனதை நாங்கள் உட்கார்ந்து நிதானமாகத் திருத்துகிறோம்" என்று காலைக் காப்பியோடு சொல்லுவார்.

"வாயக் கழுவுங்க" என்பாள் மனைவி ஜெயசீலி. அவள் நாசரேத் பக்கத்துப் பெண். தாராவித் தமிழ்ச் சபையில் ஞாயிறு ஆராதனை தவறாதவள். கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த மனிதரைக் கோயிலுக்குள் முழங்கால் போட வைக்க வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஜெபம். அவரோ ஆராதனைக்குப் போனாலும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, சுவரில் ஓடும் பல்லியின் வாலைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருப்பார்.

விஞ்ஞானத்தைப் பற்றி அவருக்குக் கருத்து இல்லாத இடம் கிடையாது. மனிதன் நிலாவுக்குப் போய் இறங்கின மறுவருஷம் ரேஷன் கியூ ஒழிந்துவிடும் என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லுவார். அவர் அப்படிச் சொல்லித் திரிந்த வருஷம் ரேஷன் அரிசியில் கல் பொறுக்குவதைவிடக் கல்லில் அரிசி பொறுக்குவது சுலபமாக இருந்தது. அதனால் பக்கத்து சீட்டுக்காரர் "அச்சா, அச்சா" என்று சொல்லிவிட்டுச் சயான் ஸ்டாப்பிலேயே இறங்கிக்கொள்வார். அணுவைப் பிளப்பதைப் பற்றி இவ்வளவு பேசுகிறவருக்கு, மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் அடைப்பு வந்தால் பின் போட்டுக் குத்தத் தெரியாது. "அது தொழில்நுட்பம். நான் விஞ்ஞானி" என்று பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார். ஜெயசீலிதான் குத்துவாள்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மனிதர் வாய்ச்சொல் வீரர் என்றாலும் வெறும் ஆள் இல்லை. ஊர் நெல் உயரமாக வளர்ந்து, கதிர் முற்றும்போது ஒரு காற்றடித்தால் மொத்தமும் சேற்றில் படுத்துவிடும். படுக்காத குட்டை நெல் ஒன்றைக் கண்டுபிடிக்கத்தான் அவர் வருஷக்கணக்காக மழையில் நனைந்தார். அந்த ஆடி மாதம் அது கிடைத்தது. ஒரே ஒரு செடி. முழங்கால் உயரம், தடித்த தாள், அடிக்கிற கடல்காற்றில் தலை நிமிர்ந்து நின்றது. அதைப் பார்த்தபோது தனசீலனுக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி விழுந்தது என்று பியூனிடம் சொன்னார்.

ஆராய்ச்சி நிலையத்தில் அதை விட்டுவைக்க அவருக்குத் துணிச்சல் இல்லை. அங்கே மேலதிகாரி நம்பிராஜனுக்கு ஒரு பழக்கம். யார் பாத்தியில் செத்தாலும் அது அவரவர் செடி. யார் பாத்தியில் செழித்தாலும் அது டெல்லிக்கு நம்பிராஜன் பெயரில் போகும். ஆகவே தனசீலன் செடியை மண்ணோடு பெயர்த்து, தகர வாளியில் வைத்து, குடைபிடித்து பஸ்ஸில் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். கண்டக்டர் வாளிக்குத் தனி டிக்கெட் கேட்டதற்கு, நாட்டின் எதிர்காலத்துக்கு அரை டிக்கெட் போதாதா என்று சண்டை பிடித்தார். செடி பால்கனியில் நின்று மூன்று கதிர் விட்டது. ஐப்பசியில், ஒரு திங்கட்கிழமை, டெல்லியிலிருந்து கமிட்டி வருகிறது. வாளியோடு கொண்டுபோய் கமிட்டியின் மேஜையில் வைத்துவிட்டால் நம்பிராஜன் வாயடைத்துப்போவார், தனசீலனுக்குத் தனிப் பிரிவு கிடைக்கும், நாட்டுக்கும் நெல் கிடைக்கும். இந்த வரிசையில்தான் அவர் நினைத்தார். அந்த மூன்று கதிரில் இருந்த மணிகளைத் தவிர அந்த நெல்லுக்கு உலகத்தில் வேறு விதை கிடையாது.

குருவி கொத்தாமலிருக்கப் பழைய கொசுவலையைச் செடிமேல் போர்த்தினார். தேர்ந்தெடுத்த செடிக்குச் சிவப்பு நூல் கட்டுவது நிலையத்து வழக்கம். அப்படியே கதிர்க் காம்புகளைச் சேர்த்து ஒரு சிவப்பு நூலைக் கட்டினார்.

"இந்த நூல் எதுக்குங்க?" என்று ஜெயசீலி கேட்டாள்.

"சொன்னா உனக்குப் புரியாது. தொடாதே, அவ்வளவுதான்."

கோயில் பெஞ்சிலிருந்து பஸ் சீட் வரை ஊருக்கெல்லாம் விஞ்ஞானம் சொன்னவர், வீட்டில் கேட்டவளுக்கு ஒரு வரி சொல்லவில்லை. அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. நாசரேத் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு என்பதையும் மறந்துவிட்டார். வாழைத்தோட்டத்தில் முதல் குலையோ, வீட்டில் நல்ல சேவலோ, கோயிலுக்கு நேர்ந்துவிட்டால் அதற்குச் சிவப்பு நூல் கட்டிவிடுவார்கள். பிறகு வீட்டில் யாரும் அதைத் தொடக்கூடாது. நேர்ந்தவர் எதற்காக நேர்ந்தார் என்று வெளியே சொல்லவும் கூடாது. விளைச்சலைக் கோயிலுக்குப் படைக்கிற அறுப்பின் பண்டிகை அன்று அது கோயிலுக்குப் போய்விடும்.

நூல் இருக்கிறது. தொடாதே என்கிறார். காரணம் சொல்ல மாட்டேன் என்கிறார். போதாததற்குக் கொசுவலை வேறு. ஜெயசீலிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அடுப்படிக்குள் போய், தாளித்துக்கொண்டிருந்த வாணலிக்கு முன்னால் நின்று அழுதாள். அத்தனை வருஷத்து ஜெபம் பலித்துவிட்டது, ஆனால் மனுஷனுக்கு அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கம். நாமும் கேட்டு அவரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று முடிவு செய்தாள்.

பண்டிகை ஞாயிறு என்றால், கமிட்டி மறுநாள். சனிக்கிழமை மத்தியானம் கதிர் மூன்றும் பொன்னாக முற்றி நின்றன. அவர் நிலையத்துக்குப் போயிருந்தார். கூச்சப்பட்டுக் கடைசியில் கொண்டுபோகாமல் இருந்துவிட்டால் நேர்ச்சை தவறிப்போகுமே என்று பயந்து, ஜெயசீலி வலையை விலக்கி, நூலோடு கதிர்களை அறுத்து, ஈரத்துணியில் சுற்றித் தாராவிக்கு எடுத்துப் போனாள்.

பெண்கள் சங்கத் தலைவி ஞானப்பூ அக்கா வாயைப் பிளந்தாள். பம்பாயில் அறுப்பின் பண்டிகைக்கு வருஷாவருஷம் தாதர் மார்க்கெட்டில் வாங்கிய கம்பங்கதிரைத்தான் பீடத்துக்கு மேலே கட்டுவார்கள்.

"ஏளா, நெல்லுக் கதிரா? பம்பாயிலயா?"

"எங்க வீட்டு அவிய நேந்து வளத்ததுக்கா."

"ஆரு, டாக்டரா?"

"சத்தம் காட்டாதிய."

ஞானப்பூ அக்கா சத்தம் காட்டவில்லை. ஒவ்வொருத்தர் காதிலும் தனித்தனியாக மெதுவாகத்தான் சொன்னாள். சாயங்காலத்துக்குள் தாராவித் தமிழர் குடியிருப்புகளில் தெரியாதவர்கள் இல்லை.

தனசீலன் பால்கனிப் பக்கம் போயிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். அவருக்கு அதற்கு நேரமில்லை. பண்டிகையில் 'விஞ்ஞானமும் விசுவாசமும்' என்று பத்து நிமிஷம் பேச வேண்டும் என்று போதகர் ஜோசப்ராஜ் அழைத்திருந்தார். கோயில் பிடிக்காவிட்டாலும் மைக் பிடிக்கும். சனிக்கிழமை வீட்டுக்கு வந்ததிலிருந்து ஞாயிறு காலை வரை அவர் கண்ணாடி முன்னால் நின்று, சொற்பொழிவின் நடுவில் எந்த இடத்தில் சிரிப்பு வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கோயில் நிரம்பி வழிந்தது. தகரக் கூரை, திறந்த ஜன்னல்கள். பீடத்தைச் சுற்றிப் பூசணி, வாழைக்குலை, தேங்காய், கூடை முட்டை, காலைக் கட்டிப்போட்ட ஒரு கோழி. பீடத்துக்கு மேலே விட்டத்திலிருந்து மூன்று கதிர்கள் தொங்கின. தனசீலன் பேச்சுத் தாளைப் படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தூரப் பார்வைக் கண்ணாடியைச் சட்டைப்பையில் வைத்திருந்தார். பீடத்துக்கு முதுகைக் காட்டி மைக்கைப் பிடித்தார்.

கடவுளின் அவசரத்தைப் பற்றிய பேச்சில் தொடங்கினார். ஜன்னல் வழியாக ஒரு குருவி வந்து கதிரில் உட்கார்ந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். நகைச்சுவை எடுபட்டுவிட்டது என்று அவருக்கு உற்சாகம் வந்தது. நிலாவுக்குப் போனார். இன்னும் நாலைந்து குருவிகள் வந்தன. முன்வரிசையில் கிழவர்கள்கூட வாய்பொத்திச் சிரித்தார்கள். இவ்வளவு ரசனை உள்ள கூட்டத்துக்குப் பத்து நிமிஷம் எப்படிப் போதும்? தாளில் இல்லாததையெல்லாம் சேர்த்தார்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஜெயசீலி கையை வீசி வீசிக் காட்டினாள். வீட்டுக்கு வந்த விருந்தாளிகளிடம் அவர் நீட்டி முழக்கும்போது, பேச்சை முடியுங்கள் என்று அவள் வழக்கமாகக் காட்டுகிற கைதான். இவள் எப்போதும் இப்படித்தான் என்று எரிச்சல்பட்டு, வேண்டுமென்றே இன்னொரு அத்தியாயத்தைத் தொடங்கினார். போதகருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் நீண்ட கழியை எடுத்துக்கொண்டு எழுந்தார். அப்போதுதான் தனசீலன் பின்னால் திரும்பிப் பார்த்தார். அந்தக் கண்ணாடிக்கு ஜன்னல் வெளிச்சமும் சிறகடிப்பும்தான் தெரிந்தன.

"குருவிகளா? துரத்தாதீர்கள் ஐயா, உட்காருங்கள்!" என்று கம்பீரமாகக் கையை உயர்த்தினார். "நாளைக்கு விஞ்ஞானம் கொண்டுவரப்போகிற நெல்லில் குருவிக்கும் பங்கு உண்டு. வயிறு நிறையத் தின்னட்டும்!"

கூரை அதிரக் கைதட்டினார்கள். நேர்ந்தவரே தின்னச் சொல்கிறார் என்று உபதேசியார் கழியைச் சுவரில் சாத்திவிட்டு உட்கார்ந்தார். தெருவில் இருந்த குருவிகளும் உள்ளே வந்தன. ஜெயசீலி வீசிய கையை மடியில் போட்டுக்கொண்டாள். தனசீலன் அதற்குப் பிறகும் வெகுநேரம் பேசினார்.

முடித்து உட்காரப் போனவரின் தோளைப் போதகர் பிடித்து நிறுத்தினார்.

"நம்ம டாக்டர் பேசினதோட நிக்கல. தம் வீட்டுப் பால்கனியில நூல் கட்டி, நேந்து வளத்த முதற்கதிர ஆண்டவருக்குக் கொடுத்திருக்காவ. அந்தா பாருங்க!"

தனசீலன் கண்ணாடியை மாற்றிக்கொண்டு மேலே பார்த்தார். குட்டையான, தடித்த தாள். அவரே போட்ட முடிச்சோடு சிவப்பு நூல். நூலுக்குக் கீழே கதிர் என்று சொல்ல ஒன்றும் இல்லை, வெறும் ஈர்க்கு. கத்தலாமா? யாரைப் பார்த்து? தின்னட்டும் என்று உத்தரவு போட்டது யார்?

பீடத்துக்கு முன்னால் தொப்பென்று முழங்கால் போட்டார். கீழே ஒரு மணியாவது சிந்தியிருக்காதா என்று பூசணிகளுக்கு நடுவில் தடவினார். போதகர் அதைப் பார்த்து மெய்சிலிர்த்து, தாமும் முழங்கால் போட்டு அவர் தலையில் கையை வைத்தார். சபை முழுக்க முழங்காலில் இறங்கியது. "மனந்திரும்பின இந்த மகனுக்காக" என்று ஜெபம் தொடங்கியது. மகன் விரலில் உமி வந்தது. மறுபடியும் உமி. கடைசியில் முட்டைக் கூடை ஓரத்தில் ஒரு முழு மணி, பொன்னாகக் கிடந்தது. தலைமேல் போதகரின் கை கனக்க, தனசீலன் மெல்ல நகர்ந்து கையை நீட்டினார்.

கோழிக்குக் காலைத்தான் கட்டியிருந்தார்கள், கழுத்தைக் கட்டவில்லை. ஒரே கொத்து.

"ஆமென்" என்றது சபை. தனசீலனும் சொன்னார்.

விருந்தில் மரியாதைக்காக அவர் இலையில் பெரிய துண்டுகளாக வைத்தார்கள். எந்தக் கோழி என்று அவர் கேட்கவில்லை. திரும்பும்போது சயான் பஸ் ஸ்டாப்பில் ஜெயசீலி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். தெருவில் அப்படிப் பிடிக்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. அழுது அழுது முகம் வீங்கி, பளபளவென்று இருந்தது.

"எதுக்காக நேந்திய? இனி சொல்லலாம்லா?"

சொன்னால் உனக்குப் புரியாது என்பது பழக்கத்தில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவ்வளவு நெல்லையும் தின்றது குருவியோ கோழியோ அல்ல, இந்த ஒரு வாக்கியம்தான் என்று தனசீலனுக்கு அப்போது பட்டது. அவமானமாக இருந்தது. வந்ததை விழுங்கிவிட்டு, வாழ்க்கையில் முதல்தடவையாக மைக் இல்லாமல் சொன்னார். ஊர் நெல் காற்றில் சாய்வதை, சாயாத ஒன்றைத் தேடியதை, நம்பிராஜனை, நாளைய கமிட்டியை, சிவப்பு நூல் எதற்கு என்பதை, அந்த விதை வேறெங்கும் இல்லை என்பதை. பஸ் வருவதற்குள் சொல்லி முடிந்துவிட்டது.

ஜெயசீலி அவர் முழங்கையிலிருந்து கையை எடுத்தாள். "அப்ப, நீங்க நேரவே இல்லையா?"

"இல்லை."

பஸ் வந்து நின்றது. இரண்டு பேரும் ஏறவில்லை. அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு அவரை ஏறிட்டுப் பார்த்தாள்.

"இதுல புரியாததுக்கு என்ன இருக்கு?" என்றாள்.