கடைசியாக ஏற்றிய பை

வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களைக் கட்டி ஏற்றுவதுதான் அவன் தொழில். கூட வேலை செய்கிறவர்கள் அவனுக்கு வைத்த பெயர் முடிச்சு. அவன் போட்ட கட்டு வழியில் அவிழ்ந்ததாகச் சரித்திரமே இல்லை. வாயும் அப்படித்தான். லேசில் அவிழாது.

அப்பேர்ப்பட்டவன்தான் மனைவியோடு கடலோரமாகக் கூடாரம் அடித்துத் தங்கித் தங்கிப் போய்வரக் கிளம்பினான். யோசனை அவளுடையது. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி பொருத்துகிற வேலை அவளுக்கு. "அவசரமில்லாம நின்னு நின்னு போவோம். ரோடு முடியிற எடத்துலதான் அக்கா வீடு. என்னை அங்க விட்டுட்டு நீங்க திரும்பிடுங்க. கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன்," என்றாள்.

கிளம்புகிற காலையில் அவள் பையை வேனில் வைக்கத் தூக்கினான். தூக்கியவன் அப்படியே நின்றுவிட்டான். அடுத்தவர் குடித்தனங்களைத் தூக்கித் தூக்கிப் பழகிய கை அது. கொஞ்ச நாளைக்குப் போகிறவர்களின் பை எவ்வளவு கனக்கும் என்று அதற்குத் தெரியும். கம்பளிச் சட்டையின் பொதபொதப்பு துணிக்கு மேலேயே தெரிந்தது. குளிர்காலம் வர இன்னும் எத்தனையோ மாதம் இருந்தது. அவளுடைய குட்டித் திருப்புளிகள் இருக்கும் தகர டப்பா அவன் முழங்காலில் இடித்தது. வேலை செய்கிற சாமானை யாரும் விருந்தாடப் போகிற இடத்துக்கு எடுத்துப் போவதில்லை. அவள் திரும்பி வரப்போவதில்லை என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

கேட்டிருக்கலாம். போகாதே என்று சொல்லியிருக்கலாம். அந்த மகானுபாவன் வாயைத் திறக்கவில்லை. முதலில் இறங்க வேண்டியது கடைசியில் ஏற வேண்டும், அது தொழில் கணக்கு. இறங்கவே கூடாது என்று அவன் நினைத்த பை முதலில் ஏறியது. அதை வேனின் உள்கோடியில் தள்ளி, மேலே கூடாரம், அடுப்பு, தண்ணீர்க் கேன், மடக்கு நாற்காலி எல்லாவற்றையும் அடுக்கி இறுக்கிக் கட்டினான்.

ஒரு பக்கம் பாறையும் ஒரு பக்கம் கடலுமாகச் சாலை வளைந்து வளைந்து போனது. வழியில் பார்த்தவர்களெல்லாம் வண்டியை ஓரங்கட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு ஒன்றும் கண்ணில் ஏறவில்லை. ஒவ்வொரு வளைவு தாண்டும்போதும் அக்கா வீடு இன்னும் கிட்டே வந்துவிட்டது என்றே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

தங்குகிற இடத்திலெல்லாம் அவளுக்கு மாற்றுத்துணி வேண்டியிருக்கும். அவன் எல்லாச் சாமானையும் இறக்கிப் பையை எடுத்துத் தருவான். மறுநாள் காலை மறுபடியும் அடியில் வைத்துக் கட்டுவான்.

"என் பைய மட்டும் ஏன் இப்படிப் புதைக்கிறீங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

"பாரம் உள்ள இருந்தாதான் வண்டி ஆடாது."

"அவ்ளோ பாரமாவா இருக்கு?"

"ஆமா."

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவனோ ஏற்கெனவே விறைப்பாக இருந்த கூடாரக் கயிற்றைப் போய் இழுத்துப் பார்த்தான்.

பேச்சு அவர்களுக்குள் நேற்று இன்று நின்றதல்ல. குழந்தை தங்காமல் போன வருஷம், அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் தொட்டிலைக் கழற்றி, ஒரு திருகாணி தொலையாமல் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டான். அவள் கண்ணில் பட வேண்டாம் என்றுதான். அவள் வந்து வெறும் மூலையைப் பார்த்தாள். என்னைக் கேட்க வேண்டாமா என்றுகூடக் கேட்கவில்லை. அவனும் காரணம் சொல்லவில்லை. அந்த மூலையில் பிறகு ஒரு இஸ்திரி மேஜை வந்தது.

கடைசியாகத் தங்கிய கடற்கரையில் அலையே இல்லை. சாயங்காலம் தேநீர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "இங்கயே இன்னும் ஒரு நாள் இருக்கலாமா?" என்றாள்.

இருக்கலாம், இங்கேயே கிடக்கலாம், வீட்டுக்கே திரும்பிப் போய்விடலாம் என்றெல்லாம் அவனுக்குத் தொண்டை வரை வந்தது. "உன் இஷ்டம்," என்றான். கல்யாணமான நாளிலிருந்து திரைச்சீலை வாங்குவதற்கும் அதே பதில்தான்.

"அப்ப நாளைக்கே போயிடலாம்," என்றாள் அவள்.

மறுநாள் சாமான் ஏற்றும்போது அவன் பையைக் கையில் எடுத்தான். அக்கா வீட்டு வாசலில் எல்லாவற்றையும் இறக்கிப் போட்டுக்கொண்டு நின்றால் எதிர்வீட்டுக்காரர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். அவளுக்குக் கூச்சமாக இருக்கும். போகிறவளாவது சிரமமில்லாமல் போகட்டும் என்று நினைத்தான். கை அதன் வேலையைச் செய்தது. கூடாரம், அடுப்பு, நாற்காலி எல்லாம் ஏறின. பை கடைசியாகக் கதவோரம் ஏறியது.

அவள் பின்னாலேயே நின்றிருந்தாள். "இன்னிக்கு வெளியவே வச்சிட்டீங்களா?"

"எடுக்க சுலபமா இருக்கும்."

"சரி," என்றாள். வழியெல்லாம் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள்.

அக்கா வீட்டு கேட் முன்னால் வேன் நின்றது. அவன் பின்கதவைத் திறந்தான். ஒரே இழுப்பில் பை வந்துவிட்டது. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் சொன்னாள்: "தினமும் அடியில வச்சீங்க. வாயால சொல்லலன்னாலும் இவருக்கு நான் வேணும்னு நெனச்சேன். இன்னிக்கும் அடியில வச்சிருந்தா, இறக்கவே சொல்லியிருக்க மாட்டேன்."

உனக்காகத்தான் அப்படி வைத்தேன் என்று சொல்ல அவன் உதட்டை அசைத்தான். அதற்குள் அக்கா கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டாள். "வாங்க தம்பி, உள்ள வாங்க. சாப்ட்டுப் போகலாம்."

"இல்லக்கா, நாளைக்கு லோடு இருக்கு," என்றான் அவன்.

மனைவி ஒருமுறை தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். பையை அக்காகூட வாங்கிக்கொள்ளவில்லை.

ஏற்றிய சாமான்களுக்கு நடுவே காலி இடம் விடக்கூடாது, விட்டால் எல்லாம் சரிந்துவிடும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அவன் முதலில் சொல்வது அதைத்தான். திரும்பும் வழியில், பை இருந்த இடத்தில் தேநீர்க் கெட்டில் விழுந்து, வளைவுக்கு வளைவு உருண்டுகொண்டே வந்தது. அவன் வண்டியை நிறுத்தி அதை எடுத்து வைக்கவில்லை.